வாய்க்குள்ளே ஒரு குடித்தனம்

போன இதழில் நண்டு வலையில் ஏறுகிற சில்லறைப் பிராணிகளைப் பற்றி எழுதும்போது, போகிற போக்கில் "சில கடற்பஞ்சுகளின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாக்டீரியாதான்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். நண்டை எல்லாரும் மறந்துவிட்டார்கள். இந்த மாதத் தபாலில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை முழுக்கப் பஞ்சு. வழக்கம்போலப் பெயர் போடாமல் ஊரை மட்டும் போடுகிறேன்.

கல்லூரி மாணவி, மண்டபம்: ஐயா, எங்கள் அப்பா வடகடலில் நண்டு வலை விடுகிறவர். வலையில் பஞ்சு ஏறினால் பிய்த்துப் போடுவது எனக்கும் தம்பிக்கும் வேலை. பஞ்சு தண்ணீரை உறிஞ்சி அதிலுள்ள பாக்டீரியாவைத் தின்று வாழ்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. நீங்கள் பஞ்சுக்குள்ளே பாக்டீரியா குடியிருக்கிறது என்கிறீர்கள். தின்கிறதா, வளர்க்கிறதா? அப்படிக் குடியிருக்க அந்த பாக்டீரியாவின் மரபணுவில் ஏதாவது மாறியிருக்கிறதா?

தின்கிறது, வளர்க்கவும் செய்கிறது, தங்கச்சி. இதே சந்தேகம்தான் ஆராய்ச்சிக்காரர்களையும் பல வருஷம் சுற்ற வைத்தது.

காற்று விழுந்த ஒரு காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, உயிரோடு இருக்கிற ஒரு பஞ்சின் பக்கத்தில் அடிமண்ணை ஒரு விரலால் லேசாகக் கலக்கிவிட்டுப் பாருங்கள். கலங்கல் எல்லாப் பக்கமும் பரவும். ஆனால் பஞ்சின் தலையில் இருக்கிற பெரிய துளைக்கு நேராக வருகிற துகள்கள் மட்டும் யாரோ கீழேயிருந்து ஊதுகிற மாதிரி ஜிவ்வென்று மேலே போகும். அந்த ஊதல்தான் அதன் பிழைப்பு. மேனி முழுக்க உள்ள பொடித்துளைகள் வழியாகத் தண்ணீரை இழுத்து, உள்ளே சாட்டை போன்ற இழை வைத்த செல்களால் வடிகட்டி, மேலே கக்கிவிடுகிறது. ஒரு கிலோ பஞ்சு ஒரு நாளைக்கு 24,000 லிட்டர் வரை இப்படி வடிகட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் குடிதண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்களுக்கு அது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கடல்நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 லட்சம் பாக்டீரியா இருக்கும். அதில் பெரும்பகுதி பஞ்சுக்குச் சாப்பாடு.

இப்போது அதே பஞ்சைக் கிழித்துப் பாருங்கள். தோலுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே கொழகொழவென்று ஒரு பகுதி வரும். உங்கள் கையில் ஒட்டிக்கொண்டு சோப்புப் போட்டாலும் நாற்றம் போகாத அதே கொழகொழப்புத்தான். பாக்டீரியா நெருக்கி வாழ்கிற இனங்களில், அதில் ஒரு கிராமுக்கு 10 கோடி முதல் 1,000 கோடி வரை பாக்டீரியா உண்டு. எல்லாப் பஞ்சும் இப்படி இல்லை. சில இனங்களின் உள்ளே, வெளியே இருக்கிற கடல்நீரில் உள்ள அளவுதான் இருக்கும், ஏறக்குறைய காலி வீடு. நெருக்கடி வீட்டைத்தான் நாம் பேசுகிறோம். அந்தக் கொழகொழப்புக்குள்ளேயே அமீபா மாதிரி ஊர்ந்து திரிகிற பஞ்சின் செல்களும் இருக்கின்றன. அவற்றின் வேலை கிடைத்ததை விழுங்குவது. ஆக, இந்த பாக்டீரியாக்கள் குடியிருப்பது ஏறக்குறைய ஒரு வாய்க்குள்ளே.

1984-இல் ஒரு சோதனை வெளியானது. கதிரியக்க அடையாளம் போட்ட இரண்டு வகை பாக்டீரியாவைப் பஞ்சுக்கு ஊட்டிப் பார்த்தார்கள். கடல்நீர் பாக்டீரியாவைப் பஞ்சு தின்றுவிட்டது. பஞ்சிலிருந்தே எடுத்த பாக்டீரியா சேதமில்லாமல் அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டது. ஆக, பஞ்சுக்கு ஆள் அடையாளம் தெரிகிறது. அல்லது பாக்டீரியாவுக்குத் தன்னை மறைக்கத் தெரிகிறது. எது என்று அன்றைக்குச் சொல்ல வழியில்லை. மரபணுக்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது.

முதல் தந்திரம், சட்டையைக் கழற்றிவிடுவது. பஞ்சுகளில் உலகம் முழுக்கக் காணப்படும் சினெகோகாக்கஸ் ஸ்பாஞ்சியாரம் என்ற நீலப்பச்சை பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியை 2014-இலும் 2015-இலும் வெளியிட்டார்கள். கடலில் தனியாக மிதக்கிற அதன் சொந்தக்காரர்களின் மேலுறையில் நீளமான சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும். உள்ளே குடியிருப்பதில் அந்தச் சங்கிலியைச் செய்கிற மரபணுக்கள் இல்லை. விழுங்குகிற செல் அந்தச் சங்கிலியைத் தடவித்தான் 'இது சாப்பாடு' என்று தெரிந்துகொள்கிறது, அது இல்லாவிட்டால் விட்டுவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம். ஊகம்தான், ஆனால் நல்ல ஊகம்.

இரண்டாவது தந்திரம் எனக்கு இன்னும் பிடித்தது. இந்த பாக்டீரியாக்களின் மரபணுக்களில், பாக்டீரியாவிடம் சாதாரணமாக அதிகம் இல்லாத, விலங்குச் செல்களுக்கே உரிய பாணியில் அமைந்த சில புரதங்களுக்கான குறிப்புகள் ஏராளமாக இருக்கின்றன. அதில் முக்கியமானது அன்கைரின். நங்கூரம் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். நம் ரத்தச் சிவப்பணுவின் தோலை உள்ளிருக்கும் சட்டத்தோடு கட்டி வைத்திருப்பதும் ஒரு அன்கைரின்தான். ஒரு புரதம் இன்னொரு புரதத்தைப் பிடித்துக்கொள்ள வசதியான கொக்கி அது. பாக்டீரியாவுக்கு எதற்கு விலங்கின் கொக்கி?

சிட்னியில் ஒரு குழு 2014-இல் சோதித்துப் பார்த்தது. ஆஸ்திரேலியப் பஞ்சு ஒன்றில் குடியிருக்கிற பாக்டீரியாவின் அன்கைரின் மரபணுக்களை எடுத்து, நம் குடலில் இருக்கிற சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, அதை அமீபாவுக்குத் தின்னக் கொடுத்தார்கள். அமீபா விழுங்கியது. ஆனால் செரிக்கவில்லை! விழுங்கிய ஈ.கோலை அமீபாவின் வயிற்றுப் பைகளுக்குள் அப்படியே குவிந்து கிடந்தது. விழுங்குகிறவனின் உள்வேலைக்குள் கொக்கியைப் போட்டு, செரிமானத்தை நிறுத்திவிடுகிறது இந்தப் புரதம். மனிதருக்கு நிமோனியா கொண்டுவருகிற லெஜியோனெல்லா பாக்டீரியாவும் அமீபாவுக்குள் பிழைக்க இதே வகைப் புரதங்களைப் பயன்படுத்துகிறது. ஆக, இது பஞ்சுக்காரர்களின் தனிக் கண்டுபிடிப்பும் இல்லை.

அப்புறம் 2019-இல் இன்னொரு வேடிக்கை தெரிந்தது. பஞ்சுகளில் இருக்கிற, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களிலும் இந்த அன்கைரின் மரபணு இருக்கிறது. அந்த வைரஸின் புரதத்தைச் செய்கிற பாக்டீரியாவை எலியின் நோயெதிர்ப்புச் செல்களிடம் கொடுத்தபோது, அவை மந்தமாகி, குறைவாகவே விழுங்கின. எதிரி என்று நினைத்த வைரஸே, பாக்டீரியா தப்பிக்க ஒரு மரபணுவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம்.

வைரஸ் எல்லா நேரமும் இவ்வளவு நல்ல பிள்ளை இல்லை. பஞ்சு இவ்வளவு தண்ணீரை இழுக்கும்போது கடலில் உள்ள வைரஸ் எல்லாம் கூடவே உள்ளே வரும். அதனால் இங்கே குடியிருக்கிற பாக்டீரியாக்களிடம், வெளியிலிருந்து வருகிற டிஎன்ஏவை வெட்டிப்போடும் ஏற்பாடுகள் அதிகம் இருக்கின்றன. கிரிஸ்பர் என்று இப்போது செய்தித்தாளில் அடிக்கடி வருகிறதே, அதுவும் அதில் ஒன்று. இன்னொரு பக்கம், இடம்விட்டு இடம் தாவுகிற மரபணுத் துண்டுகளும் அதே பாக்டீரியாக்களிடம் அதிகம். கதவுக்கு மூன்று பூட்டும் போட்டுவிட்டு, பின்வாசலில் பண்டமாற்றும் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி ஆசிரியர், ஏர்வாடி: பரிணாமம் என்றால் முன்னேற்றம் என்றுதான் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். உள்ளே குடியேறிய நுண்ணுயிர்கள் மரபணுக்களை இழக்கின்றன என்று படித்தேன். இழப்பது எப்படித் தகவமைப்பு ஆகும்?

உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறவர் யாராவது அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு விமானம் ஏறுகிறாரா? கம்பெனி கொடுக்கிற அறை, மூன்று வேளையும் மெஸ். அங்கே அம்மி வெறும் சுமை. அது போலத்தான். முன்னேற்றம் என்ற சொல்லை மட்டும் கரும்பலகையிலிருந்து அழித்துவிடுங்கள் சார், மற்றதெல்லாம் சரியாகிவிடும்.

மேலே சொன்ன சினெகோகாக்கஸையே எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரைச் சங்கிலி மட்டுமல்ல, ஆக்சிஜனால் வரும் சேதத்தைச் சமாளிக்கிற சில நொதிகளுக்கான மரபணுக்களும் அதில் இல்லை. திறந்த கடலில் உச்சி வெயிலில் மிதப்பவனுக்கு அவை வேண்டும். பஞ்சின் திசுவுக்குள் உட்கார்ந்திருப்பவனுக்கு அவ்வளவு வேண்டாம். வேண்டாத மரபணு ஒருநாள் பிழைபட்டுக் கெட்டுப்போனாலும் கேட்பாரில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் கெட்ட துண்டு உதிர்ந்துபோகும். பாக்டீரியா யோசித்து மூட்டையைக் குறைத்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடப் போகிறார்கள், அப்படி இல்லை. கெட்டுப்போனதால் செத்திருந்தால் அது இன்று இல்லை, சாகாததால் இருக்கிறது, அவ்வளவே. எல்லா இழப்பும் லாபம் என்றும் சொல்லாதீர்கள். தாய்ப் பஞ்சிலிருந்து குஞ்சுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகவே பாக்டீரியா போகிறபோது, சில நல்ல மரபணுக்களும் தற்செயலாகத் தொலைந்துபோக வாய்ப்புண்டு.

சரி, எதை இழக்க முடியாது? வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய வாடகையை. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் ஆம்ஃபிமெடான் குயின்ஸ்லாண்டிகா என்று ஒரு பஞ்சு. 2010-இல் முழு மரபணுத் தொகுதியும் வெளியான முதல் பஞ்சு இதுதான். அதன் குஞ்சு நீந்தித் திரிந்துவிட்டு ஓரிடத்தில் ஒட்டி உட்கார நைட்ரிக் ஆக்சைடு வேண்டும். அதைச் செய்ய ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும். அந்த ஆர்ஜினினைச் செய்ய பஞ்சுக்குத் தெரியாது. குஞ்சோடு கூடவே தாய்வீட்டுச் சீதனமாக வருகிற பாக்டீரியாவுக்குத் தெரியும். அது செய்து கொடுக்கிறது, குஞ்சு உட்காருகிறது. 2021-இல் வந்த ஆய்வு இது. பாக்டீரியா அந்த மரபணுக்களைத் தொலைத்திருந்தால், உட்கார இடமில்லாத குஞ்சோடு சேர்ந்து அதன் வம்சமும் போயிருக்கும்.

கழிவு விஷயமும் இப்படித்தான். பஞ்சு வெளியேற்றுகிற அம்மோனியாவை எரித்துச் சக்தி எடுக்கிற ஆர்க்கியாக்கள் (பாக்டீரியா மாதிரித் தெரிந்தாலும் வேறு குலத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்கள்) பல பஞ்சுகளில் உண்டு. ஆஸ்திரேலியாவின் 6 பஞ்சு இனங்களை ஒப்பிட்ட 2012 ஆய்வில் ஒரு அருமையான விஷயம் தெரிந்தது. வேறு வேறு பஞ்சில் வேறு வேறு பாக்டீரியா; ஆனால் செய்கிற வேலைகள் ஏறக்குறைய ஒன்று, சில இடங்களில் அதே வேலைக்கு வேறு நொதி. பாம்பன் ஏலக் கரையிலும் தொண்டி ஏலக் கரையிலும் ஐஸ் உடைப்பவர், எடை போடுபவர், ஏலம் கூவுபவர் எல்லாரும் வேறு ஆட்கள். ஆனால் இந்த மூன்று வேலையும் இல்லாத ஏலக் கரை உண்டா?

அதே ஆசிரியர், பின்குறிப்பாக: இந்த பாக்டீரியாக்களை ஆய்வகத்தில் வளர்க்க முடியாது என்கிறார்களே, பிறகு மரபணுவை எப்படிப் படிக்கிறார்கள்?

பெரும்பாலானவை வளர்வதில்லை, உண்மைதான். அதனால் பஞ்சோடு சேர்த்து அரைத்து, எல்லாருடைய டிஎன்ஏவையும் ஒன்றாகப் பொடிப்பொடியாகப் படித்துவிடுகிறார்கள். புயலுக்கு மறுநாள் பத்துப் பேர் வலை ஒரே சிக்காகக் கரை ஒதுங்கிக் கிடக்கிறதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணி அளவு, நூல் நிறம், முடிச்சு இவற்றை வைத்து இது இன்னார் வலை என்று பிரித்துவிடுவார்கள் இல்லையா, அதேபோல டிஎன்ஏவின் எழுத்துகள் வரும் விகிதத்தையும் ஒவ்வொரு துண்டும் எத்தனை முறை வருகிறது என்பதையும் வைத்துக் கணினி பிரிக்கிறது. சிக்கு எடுக்கும்போது ஒருவர் வலைத்துண்டு இன்னொருவர் வலையோடு போய்விடுவதும் உண்டு. இதிலும் உண்டு.

சங்கு குளிப்பவர், கீழக்கரை: அண்ணே, தண்ணிக்குள்ள சில பஞ்சு கையில பட்டா ரெண்டு நாளைக்கு அரிப்பு. அந்த விஷம் பஞ்சோடதா, இல்ல நீங்க சொல்ற பாக்டீரியாவோடதா?

பாதி அரிப்பு விஷமே இல்லை, கண்ணாடி. பல பஞ்சுகளின் எலும்புக்கூடு சிலிக்காவாலான பொடி ஊசிகள். கையில் குத்தி முறிந்து உள்ளே நின்றுவிடும். நானும் ஒருமுறை பஞ்சைப் பிடித்துவிட்டு அதே கையால் கழுத்தைச் சொறிந்து அவதிப்பட்டிருக்கிறேன். தேய்க்காதீர்கள். காயவிட்டு ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தால் நிறைய ஊசி அதோடு வந்துவிடும். வீங்கினால், கொப்புளித்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

மீதி, உண்மையான ரசாயனம். ஓடவும் முடியாது, ஓடும் கிடையாது. மீன் கடிக்காமல் இருக்க பஞ்சுக்கு வேறு வழி? அந்த ரசாயனத்தைச் சமைக்கிறது யார் என்பதில்தான் உங்கள் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. தியோனெல்லா சுவின்ஹோய் என்ற பஞ்சில் கிடைத்த வீரியமான பொருள்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்வது என்டோதியோனெல்லா என்ற இழை பாக்டீரியா என்று 2014-இல் காட்டினார்கள். அதன் மரபணுத் தொகுதி 90 லட்சம் எழுத்துகளுக்கு மேல்; ஈ.கோலையைப் போல இரண்டு மடங்கு. பார்த்தீர்களா, இவர் மூட்டையைக் குறைக்கவே இல்லை, ஆயுதக் கிடங்கையே தூக்கிக்கொண்டு வந்து குடியிருக்கிறார். இதற்கு நேர் எதிர், ஹாலிகுளோனா என்ற பஞ்சின் செல்லுக்குள்ளேயே வாழ்கிற ஒரு பாக்டீரியா. அதன் தொகுதி மிகவும் சுருங்கிவிட்டது, ஆனால் ரெனியராமைசின் என்ற விஷத்தைச் செய்கிற மரபணுக்களை மட்டும் விடாமல் வைத்திருக்கிறது. மற்றதெல்லாம் விற்றும் அரிவாளை மட்டும் விற்காதவர். ஆசிரியர் சாருக்கும் இதுவே பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா விஷமும் பாக்டீரியாவுடையது என்று சொல்லிவிட முடியாது, பஞ்சே செய்வதும் உண்டு. அப்புறம், சங்கிலும் சிப்பியிலும் பொடிப்பொடியாகத் துளை விழுந்து வருமே, அதில் பெரும்பங்கு கிளையோனா என்ற துளைக்கும் பஞ்சின் வேலை. விலை குறைவதற்குத் திட்ட வேண்டுமானால் அதைத் திட்டுங்கள்.

நாட்டுப்படகு மீனவர், பாம்பன்: பாரில் (கடலடிப் பாறைத் திட்டில்) சில இடத்தில் பவளத்தின் மேல் கறுப்புச் சாயம் பூசினதுபோல் ஒன்று படர்கிறது. அடியில் பவளம் செத்துக் கிடக்கிறது. இதுவும் பஞ்சு என்கிறார்களே?

பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்: டெர்பியோஸ் ஹோஷினோட்டா. ஒரு மில்லிமீட்டர் கனம்தான், ஆனால் உயிருள்ள பவளத்தின் மேலேயே ஏறி மூடிவிடும். 1970களில் குவாம் தீவில் தொல்லையாகக் கவனிக்கப்பட்டது. பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் இருப்பதைக் கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பு நிறம் பஞ்சுடையது இல்லை. உள்ளே நெருக்கி அடைந்திருக்கிற ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவுடையது. நிழல் போட்டு மறைத்துப் பார்த்தபோது படர்வது நின்றிருக்கிறது. குடியிருப்பவர் சமைத்துப் போடாவிட்டால் வீட்டுக்காரரால் நடக்க முடியவில்லை என்று அர்த்தம். தயவுசெய்து கத்தியால் சுரண்டி எடுத்துவிடலாம் என்று மட்டும் இறங்க வேண்டாம். பிய்ந்த துண்டிலிருந்து பஞ்சு மறுபடி வளரும், நீங்களே நாலு இடத்துக்கு விதைத்த கதையாகிவிடும். எந்தப் பாரில், எத்தனை பாகம் ஆழத்தில் பார்த்தீர்கள் என்று குறித்துக்கொண்டு வனத்துறையிடமோ மண்டபத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்திலோ சொல்லுங்கள். உங்கள் கண்தான் அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று.

எட்டாம் வகுப்பு மாணவன், தங்கச்சிமடம்: எங்கள் பள்ளி மைக்ராஸ்கோப்பில் இந்த பாக்டீரியாவைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பெரிய ஏமாற்றமாக இருக்கும். மிக அதிகப் பெருக்கத்தில்கூட வெறும் புள்ளிகள். யார் குடியிருப்பவர், யார் சாப்பாடு என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைவிட ஊசியைப் பார். கச்சான் காற்று அடித்த மறுநாள் கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் பஞ்சில் சுண்டுவிரல் நகம் அளவு போதும். கடலுக்குள் இருக்கிறதைப் பிய்க்காதே. நம் தீவுகளைச் சுற்றி 1986 முதல் தேசியப் பூங்கா, அங்கே கை வைத்தால் உன்னோடு உன் சாரும் மாட்டிக்கொள்வார். அந்தத் துண்டை ஒரு கண்ணாடிக் குழாயில் போட்டு, துணிக்குப் போடுகிற பிளீச் திரவத்தைச் சார் ஊற்றட்டும், நீ ஊற்றாதே, ஜன்னல் திறந்திருக்கட்டும். சதை கரைந்து அடியில் வெள்ளையாக ஒரு வண்டல் நிற்கும். தெளிந்த திரவத்தை இறுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வை. இரு பக்கமும் கூரானது, ஒரு பக்கம் குண்டூசித் தலை வைத்தது, நட்சத்திரம் மாதிரி ஒன்று என்று எது தெரிந்தாலும் படம் வரைந்து அனுப்பு. ஒன்றுமே தெரியாமல் எல்லாம் கரைந்துபோனால் அதையும் எழுது. ஊசியே இல்லாமல் நார் மட்டும் உள்ள பஞ்சும் உண்டு, அதுவாக இருக்கும்.